வெப்பத்தில் உழைப்போரின் உடல்நலம்

தொழிலாளரின் நலம் பேணுவதற்குப் பெரும் பொருள் வேண்டும் எனக் கருதுவோர் பலர். ஆயினும், இந்தியாவில் கோடைக்காலத்தில் செங்கற்சூளையிலும் சாலைப்பணியிலும் கட்டிடப்பணியிலும் உழைப்போருக்கு முதற்கண் வேண்டுவன நீர், நிழல், ஓய்வு என்னும் மூன்றே. இவற்றிற்கு ஆகும் செலவு சிறிது. இவற்றைப் புறக்கணித்தால் உயிரிழப்பும் நேரலாம்.

உழைக்கும் தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மீது ஆவியாகுங்கால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பின் வியர்வை ஆவியாகாது வழிந்தோடும். உடலில் நீர் குறையுமேயன்றி வெப்பம் தணியாது. இதனை ஆசிரியர்கள் எளிதில் விளக்கலாம். இரு வெப்பமானிகளுள் ஒன்றன் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறுக. வறண்ட நாளில் இரண்டிற்கும் இடையே வேறுபாடு மிகும். புழுக்கமான நாளில் அது குறையும். வெப்பம் மிக்க நாளில் இவ்வேறுபாடு குறைந்து காணின், ஓய்வு நேரத்தை மிகுத்தல் வேண்டும்.

கடும் வெயிலில் உழைப்போர் மணிக்கு ஒரு லிட்டர் அளவிலும் வியர்ப்பதுண்டு. தாகமோ நீரிழப்புக்குப் பின்னரே தோன்றும். ஆகவே 15 முதல் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் நீர் அருந்துதல் நன்று. தண்ணீர்ப் பானை வேலை நடைபெறும் இடத்திற்கு அருகிலேயே, நிழலில், மூடப்பட்டு இருத்தல் வேண்டும். வேளைதோறும் உண்போருக்கு உணவிலுள்ள உப்பே பெரும்பாலும் போதும். உப்பு மாத்திரை வேண்டா. கழிப்பிடம் இல்லாத இடங்களில் பெண்கள் நீர் அருந்துவதையே தவிர்ப்பர். எனவே கழிப்பிடமும் இத்திட்டத்தின் ஓர் உறுப்பாகும்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாளே முழு வேலை தரலாகாது. முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கும், பின்னர் நாள்தோறும் மேலும் ஒரு பங்குமாக மிகுத்தால் உடல் வெப்பத்திற்குப் பழகும். நெடுநாள் விடுப்பிலிருந்து திரும்புவோரையும் படிப்படியாகவே பழக்குதல் வேண்டும்.

பேச்சுக் குழறல், மனக்குழப்பம், மயக்கம் ஆகியன வெப்பத்தாக்கின் அறிகுறிகள். அப்பொழுது உடல்வெப்பம் 40 செல்சியஸுக்கும் மேற்படும். வியர்த்துக்கொண்டிருப்பவருக்கும் இது நேரலாம். அவரை உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறுக. நினைவிழந்தவர் வாயில் நீர் புகட்டலாகாது. மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யும்பொழுதே குளிர்வித்தலும் இடையறாது நடைபெறுக; காலம் தாழ்த்தல் உயிருக்கு இறுதியாகும்.