காவல் நாயும் உயிர்ச்சத்தும்

அண்மையில் தாராபுரம் பக்கத்துச் சங்கம் ஒன்றைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அலுவல் முடிந்து புறப்படுகையில் அங்கத்தினர் ஒருவர், "நாய்க்கு வேளை தவறாமச் சோளக்களி போடறேனுங்க, இருந்தும் இளைச்சுக்கிட்டே போகுதுங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார். ஆட்டுப்பட்டியையும் தோட்டத்துச் சாளையையும் காக்கும் நாயின் ஆகாரத்தைப் பற்றி நம்மில் பலர் சிந்திப்பதில்லை. ஆகவே இம்மாதப் பாடமாக அதனை எடுத்துக்கொள்வோம்.

வயிறு நிறைவது வேறு. உடல் ஊட்டம் பெறுவது வேறு. பாவுக்குக் கஞ்சி போடாமல் தறியில் ஏற்றினால் நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்பதை நெசவாளர் அறிவர். கஞ்சி சிறிதளவே, எனினும் அஃதின்றி நெசவு செவ்வனே நடவாது. உயிர்ச்சத்து, அதாவது வைட்டமின், அத்தகையதே.

சோளம் கற்பித்த பாடம்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மக்காச்சோளத்தையே பெரும்பாலும் உண்டு வாழ்ந்த ஏழைகளை ஒரு காலத்தில் 'பெல்லக்ரா' என்னும் நோய் வாட்டியது. நாய்களுக்கோ 'கருநாக்கு' நோய் கண்டது. வாய் புண்ணாகும்; நாக்கு கருகும்; துர்நாற்றத்துடன் எச்சில் ஒழுகும்; தீனி இறங்காது; கழிச்சல் கண்டு நாய் மடியும். இரண்டும் ஒரே குறைபாட்டின் விளைவு என்பதற்கு டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கரின் ஆராய்ச்சி வழிகாட்டியது. 1937-இல் எல்வெஜெம் என்ற அறிஞர் நிகோடினிக் அமிலத்தைக் கொடுத்துக் கருநாக்கைக் குணப்படுத்தினார். நியாசின் எனவும் வழங்கும் இது 'பி' தொகுதியைச் சேர்ந்த வைட்டமின் ஆகும்.

இது அயல்நாட்டுக் கதை மட்டுமன்று. தக்காணத்தில் சோளம் உண்ட மக்களிடமும் பெல்லக்ரா காணப்பட்டது. அதனை ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். அவர் பணியாற்றிய நிலையம் 1918-இல் நம் குன்னூரில் மக்காரிசன் என்பவரால் தொடங்கப்பெற்று, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்று அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். சோள ஆகாரம் கொடுத்த நாய்களுக்குக் கருநாக்கு தோன்றுவதை அந்நிலையத்தார் 1965-இல் வெளியிட்டனர்.

இதனால் சோளம் நஞ்சு என்று கொள்ளலாகாது. துணையின்றி அதனையே நாள்தோறும் இடுவதுதான் தவறு. தக்க புரதம் கிடைத்தால் நாயின் உடலே ஓரளவு நியாசினை ஆக்கிக்கொள்ளும்.

குட்டியின் எலும்பு

1918-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் மெல்லன்பி என்பவர் நாய்க்குட்டிகளுக்கு உணவைக் கட்டுப்படுத்தி எலும்பு வளையும் நோயை உண்டாக்கினார்; மீன் எண்ணெயால் அதைத் தடுக்கலாம் என்றும் காட்டினார். அதிலிருந்து வைட்டமின் 'டி' பற்றிய அறிவு வளர்ந்தது. நாம் வெயிலால் இச்சத்தைப் பெறுவதுபோல் நாய் போதிய அளவு பெறுவதில்லை, உணவில்தான் பெறவேண்டும். வைட்டமின் 'சி'யையோ அதன் கல்லீரலே ஆக்கிக்கொள்ளும்.

செய்யத்தக்கவை

1. களியுடனோ சோற்றுடனோ வேகவைத்த முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றுள் கிடைப்பதைச் சேர்க்கவும். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு பயோட்டின் என்னும் வைட்டமினை உடலில் சேரவிடாது.

2. மோர் ஒத்துக்கொண்டால் ஊற்றலாம். வேகவைத்த பூசணியும் முருங்கைக் கீரையும் வைட்டமின் 'ஏ'க்கு உதவும்.

3. ஈரல் மிக நல்லது. ஆயினும் சிறிதளவே போதும். 'ஏ', 'டி' ஆகிய இரண்டும் உடலில் தங்குபவை. மிகுந்தால் எலும்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆகவே மருத்துவரைக் கேளாமல் டானிக்கும் மாத்திரையும் வாங்கிக் கொடுக்க வேண்டா.

4. வெங்காயமும் பூண்டும் கலந்த குழம்பை ஊற்றுவது கூடாது. அவை நாயின் இரத்தத்தின் சிவப்பணுக்களை அழிக்கும்.

நாய் இளைப்பதற்குக் குடற்புழுவும் பிற நோய்களும் காரணமாகலாம். சில நாய்களுக்கு நாக்கில் இயற்கையாகவே கரும்புள்ளி உண்டு, அது நோயன்று. எனவே அந்த அங்கத்தினரிடம், முதலில் நாயைக் கால்நடை மருத்துவமனையில் காட்டுமாறும், பின்னர் களியோடு முட்டை சேர்க்குமாறும் சொல்லி வந்தேன். வெறிநோய்த் தடுப்பூசியையும் நினைவூட்டினேன். எந்த வைட்டமினும் அதற்கு ஈடாகாது.

இரவெல்லாம் விழித்திருந்து நம் உடைமையைக் காக்கும் உயிர் தனக்கு என்ன குறை என்று வாய்விட்டுச் சொல்லாது. அதன் தட்டைப் பார்த்து நாமே அறிந்துகொள்ள வேண்டும்.