தார் எடுத்த தம்பிக்கு: ஸ்டெப்னியை எங்கே மாட்டுவது?

தார், ஜிம்னி, கூர்க்கா என்று எந்த வண்டியை எடுத்தாலும் முதல் வேலையாகப் பெரிய டயர் தேடிக் கடை கடையாக அலைகிறீர்கள். ஓடுகிற நான்கைப் பற்றி ஆயிரம் பேச்சு. பின்னால் தொங்கும் ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை. கேட்காமலே சொல்கிறேன்.

1. எங்கே மாட்டினால் அழகு என்று பார்க்காதே. எடை எங்கே போய் இறங்குகிறது என்று பார். தார் அளவு டயர், டிஸ்க்கோடு சேர்த்துச் சுமார் 30 கிலோ. அது பின் அச்சையும் தாண்டித் தொங்குகிறது. குடத்தை இடுப்பில் வைப்பதற்கும் நீட்டிய கையில் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். கதவைவிட்டு வெளியே தள்ளத் தள்ளக் கீல்தான் தாங்க வேண்டும். குண்டு குழியில் வண்டி குதிக்கும்போது அந்த இழுப்பு பல மடங்காகும்.

2. பல வண்டிகளில் டயருக்கு எதிரே, கதவில் ரப்பர் கட்டைகள் இருக்கும். டயர் அவற்றில் லேசாக அழுந்தி உட்கார வேண்டும். இடைவெளி விட்டால் ஆடும். ஆடி ஆடிப் பிராக்கெட்டில் விரிசல் விடும். மிஞ்சி அழுத்தினால் கதவுத் தகடு நெளியும். டயரின் மேல் விளிம்பை இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்: கதவோடு சேர்ந்து அசைந்தால் சரி, டயர் மட்டும் ஆடினால் நட்டைப் பார்.

3. பெரிய டயர் ஆசைக்கு ஒரு கணக்கு. தாரின் 18 அங்குல டயர் 255/65. அதற்குப் பதில் 285/65 போட்டால் அகலம் 30 மி.மீ. கூடும். டிஸ்க் அதுவே என்றால் பாதி, அதாவது 15 மி.மீ., கதவுப் பக்கம் வந்து இடிக்கும். ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளினால் முழு 30 மி.மீ.யும் பின்னால் நீளும். மூன்று கதவுத் தாரின் நீளம் 3985 மி.மீ.; இந்த 30 சேர்ந்தால் 4 மீட்டரைத் தாண்டிவிடும். ரிவர்ஸ் எடுக்கும்போது சுவரில் முதலில் முட்டப்போவது பம்பர் இல்லை, ஸ்டெப்னி.

4. உயரத்துக்கு ஒரு நூல் போதும். பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பரின் அடி விளிம்புக்கு நூலை இழுத்து, அப்படியே பின்னால் நீட்டு. ஸ்டெப்னி அந்த நூலுக்கு மேலே நிற்க வேண்டும். இல்லையென்றால் பள்ளத்திலிருந்து ஏறும்போது உரசும். அதற்காக ஏற்றிக்கொண்டே போகாதே. பின் கண்ணாடி மறையும், பிரேக் விளக்கு மறையும், வண்டியின் எடை மையமும் மேலேறும். நம்பர் பிளேட் மறைந்தால் போலீஸ்காரர் வேறு வழிமறிப்பார்.

5. கனமான டயர்தான் வேண்டும் என்றால் கதவை விட்டுவிடு. சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கிய, தனியாகத் திறக்கும் கேரியர் வாங்கு. கேரியருக்கும் எடை உண்டு, அதையும் கணக்கில் சேர். பம்பர் தகட்டில் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. வண்டியில் மாற்றம் செய்ய மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வரம்பு போட்டிருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேள்.

6. சரிவில் நிறுத்தினால் பின்கதவைக் கையைவிட்டுத் திறக்காதே. ஸ்டெப்னி சுமந்த கதவு விரலை நசுக்கிவிடும்.

7. நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக முறுக்கு. முதல் ஆஃப்ரோடு ஓட்டம் முடிந்ததும் மறுபடி முறுக்கு. மாதம் ஒருமுறை காற்றுப் பார். வெயில் தின்னும் டயர் அது, பக்கவாட்டு வெடிப்பையும் கவனி. ஓடுகிற அளவும் ஸ்டெப்னி அளவும் ஒன்றாகவே இருக்கட்டும்.

கம்பெனி போட்ட அளவிலேயே ஓட்டுபவன் இந்தத் தலைவலி எதையும் சுமக்க வேண்டாம். கொடுத்த இடத்திலேயே இருக்கட்டும், நட்டை மட்டும் பார்த்துக்கொள்.