பங்கசு பெருகும் விதமும் பங்கசுநாசினி பயனற்றுப் போகும் விதமும்

மிளகாயிற் காயழுகல் கண்டவுடன் மருந்து தெளிக்கின்றீர்கள், நோய் அடங்குகின்றது. சில போகங்கள் சென்றபின், அதே மருந்தை அதே அளவிற் தெளித்தும் நோய் அடங்காதிருக்கலாம். மருந்து பழுதென்று கமக்காரர் பலர் எண்ணுவர். ஆயினும், மருந்து மாறாதிருக்கப் பங்கசு மாறியிருத்தலும் கூடும். இதனை விளங்கிக்கொள்ளப் பங்கசு பெருகும் விதத்தை அறிதல் வேண்டும்.

பங்கசு பெருகுதல்

பங்கசின் உடல் கலங்களாலானது. கலத்தினுள்ளே கருவும், கருவினுள்ளே பரம்பரை இயல்புகளைத் தாங்கும் நிறமூர்த்தங்களும் உள. கலம் பிரியுமுன் நிறமூர்த்தங்கள் இரட்டித்து, இரு பாதிகளாகப் பிரிதல் வேண்டும். இவ்வேலையைச் செய்வன நுண்புன்குழாய்கள். ஒரு குழாயின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் 40,000 இல் ஒரு பங்காகும். தியூபியூலின் என்னும் புரதத் துணிக்கைகள், சுவரில் கல் அடுக்குவதுபோல ஒன்றன்மேலொன்று சேர்ந்து இக்குழாயை ஆக்குகின்றன.

பிரிவுக் காலத்தில் இக்குழாய்கள் சேர்ந்து, நூல் நூற்கும் கதிரைப் போன்ற ஓர் அமைப்பாகின்றன. இதற்குக் கதிர் என்றே பெயர். கைனசின் முதலிய இயக்கப் புரதங்கள் கதிரின் இரு முனைகளையும் விலக்கித் தள்ள, நிறமூர்த்தங்கள் இரு பக்கமும் பங்கிடப்படுகின்றன. கதிர் அமையாவிடின் பங்கீடு இல்லை. பங்கீடு இல்லையெனின் பங்கசு பெருகாது.

மருந்து தாக்கும் இடம்

காபண்டசிம், பெனோமில், தயோபனேற்று மெதைல் ஆகியன ஒரே குழுவைச் சேர்ந்தவை. இவை பீற்றா தியூபியூலினைப் பற்றிக்கொண்டு, குழாய் வளராது தடுக்கின்றன. பயிரின் தியூபியூலினை இவை வலுவாகப் பற்றாமையாற் பயிர் தப்புகின்றது.

பீற்றா தியூபியூலின் ஏறத்தாழ 450 அமினோவமிலங்களாலானது. அவற்றுள் 198 ஆம் இடத்திலோ 200 ஆம் இடத்திலோ ஒன்றுமாத்திரம் மாறினும், மருந்து பற்ற இயலாது போகலாம். கதிரோ முன்போலவே வேலை செய்யும். அமெரிக்காவில் பூசணிக் குடும்பப் பயிர்களின் சாம்பல் நோய்ப் பங்கசு பெனோமிலுக்கு அடங்காமை 1969 இலேயே அறிவிக்கப்பட்டது.

நீங்கள் நல்ல நெற்கதிரைத் தெரிந்து விதைக்கு வைக்கின்றீர்கள். அவ்வாறே, அடுத்தடுத்துத் தெளிக்கும் ஒரே மருந்து, தனக்கு அடங்காத பங்கசைத் தெரிந்து விதைக்கு வைக்கின்றது. அடங்குவன அழிய, அடங்காதவை வித்திகளாற் தோட்டமெங்கும் பரவுகின்றன. மருந்தை நிறுத்தியபின்னும் இவை நெடுங்காலம் நிலைத்திருக்கக்கூடும். இழந்த மருந்தை மீட்டல் எளிதன்று.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. சுட்டுத்துண்டில் வியாபாரப் பெயரையன்றி மருந்தின் உட்பொருளை வாசியுங்கள். மேற்கூறிய மூன்றையும் மாற்றி மாற்றித் தெளித்தல் மருந்தை மாற்றியதாகாது.

2. இக்குழு மருந்தை அடுத்தடுத்துத் தெளியாதீர்கள். அப்பயிருக்கும் நோய்க்கும் விதந்துரைக்கப்பட்ட வேறு குழு மருந்தை இடையிற் பயன்படுத்துங்கள். கந்தகம், செப்பு ஆகியன பங்கசைப் பல இடங்களிற் தாக்குவதால், அவற்றுக்கு எதிர்ப்பு எளிதில் உண்டாவதில்லை.

3. விதந்துரைத்த அளவைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம். முற்றாக எதிர்ப்புற்ற பங்கசை இரட்டிப்பு அளவும் அடக்காது. செலவும் நஞ்சுமே மிகும்.

4. உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றின் பின்வெளிறல் நோய்க்கு இக்குழு மருந்து பயன்படாது. அந்நோயை உண்டாக்கும் உயிர் உண்மையான பங்கசு அன்று.

5. மருந்தை மாத்திரம் நம்பாதீர்கள். நோயற்ற விதையை நடுங்கள். அழுகிய காய்களைப் பொறுக்கி ஆழப் புதையுங்கள். பயிர்ச் சுழற்சி செய்யுங்கள். நெல்லில் எரிபந்தத்தைத் தவிர்க்க எதிர்ப்புள்ள இனத்தை விதைத்து, யூரியாவை அளவோடு இடுங்கள்.

தெளித்தும் நோய் அடங்காவிடின் மீண்டும் அதனையே தெளியாது, நோயுற்ற செடியையும் மருந்தின் சுட்டுத்துண்டையும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஆலோசனை பெறுங்கள்.