நேரம் முடிந்தால் நிரல் நிற்க வேண்டும்: பைத்தானில் கெடு வைக்கும் முறை



பிளஸ் டூவில் கணினி அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகள் பைத்தான் மொழியில் நிரல் எழுதுகிறார்கள். கல்லூரி முடித்து வேலைக்கான ஆன்லைன் தேர்வுக்குப் போகும்போதும் பலர் அதே மொழியில்தான் எழுதுகிறார்கள். அந்தத் தேர்வுகளில் விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. கொடுத்த விநாடிகளுக்குள் நிரல் முடியாவிட்டால் தேர்வு மென்பொருளே அதை நிறுத்திவிடும். வேலையில் சேர்ந்த பிறகோ, இரவில் ஆளில்லாமல் ஓடும் நிரல் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால் காலை வரை யாருக்கும் தெரியாது. ஆகவே நிரலுக்கு நாமே கெடு வைக்கக் கற்றுக்கொள்வது அவசியம்.

முதலில் லூப். ஒரு கோப்பு வந்துவிட்டதா என்று 5 விநாடிக்கு ஒருமுறை பார்க்கும் நிரலை எடுத்துக்கொள்வோம். கோப்பு வராமலே போனால் அந்த லூப் முடிவில்லாமல் சுற்றும். இதைத் தடுக்க, டைம் மாட்யூலில் உள்ள மோனோடோனிக் என்ற ஃபங்ஷன் தரும் எண்ணுடன் 60ஐக் கூட்டி, ‘கெடு’ என்ற மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய மோனோடோனிக் எண் அந்தக் கெடுவைவிடக் குறைவாக இருக்கும் வரை சுற்று என்று வைல் லூப்பின் நிபந்தனையை எழுதுங்கள். கோப்பு கிடைத்தால் பிரேக் கொடுத்து வெளியேறுங்கள். வைல் லூப்புடன் எல்ஸ் பகுதியும் எழுதலாம். பிரேக் வந்தால் அது ஓடாது. நேரம் முடிந்து வெளியே வந்தால் மட்டுமே ஓடும். ‘கோப்பு வரவில்லை’ என்ற செய்தியை அங்கே எழுதுங்கள்.

டைம் மாட்யூலிலேயே டைம் என்ற ஃபங்ஷனும் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தினால் என்ன என்று பிள்ளைகள் கேட்கலாம். அது கணினியின் கடிகாரத்தைப் பார்க்கிறது. அந்தக் கடிகாரத்தை யாராவது மாற்றினாலோ, இணையம் வழியாக அது திருத்தப்பட்டாலோ, நேரம் முன்னும் பின்னும் தாவிவிடும். மோனோடோனிக் ஒருபோதும் பின்னால் போகாது.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. ஒவ்வொரு தோசையைச் சுட்டு முடித்த பிறகே கடிகாரத்தைப் பார்ப்பது போன்றது இது. ஒரு தோசை கல்லில் ஒட்டிக்கொண்டால், அதை எடுக்கும் வரை கடிகாரத்தைப் பார்க்க மாட்டோம். அதுபோல லூப்பின் ஒரு சுற்றே பத்து நிமிடம் மாட்டிக்கொண்டால் நம் கெடு பயன்படாது. இணையத்திலிருந்து தகவல் எடுக்கும் வேலைகளில் இது அடிக்கடி நடக்கும். அங்கே அந்தச் செயலுக்கே கெடு கொடுக்க வேண்டும். பலரும் பயன்படுத்தும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் டைம்அவுட் மதிப்பை நாம் கொடுக்காவிட்டால், அது தானாகக் கெடு எதையும் வைத்துக்கொள்வதில்லை.

அடுத்து ஃபங்ஷன். நடுவில் கடிகாரம் பார்க்க இடமில்லாத ஒரு ஃபங்ஷனை எப்படி நிறுத்துவது? பலர் அதைத் தனி த்ரெட்டில் ஓடவிட்டு, விடைக்காக 10 விநாடி மட்டும் காத்திருக்கிறார்கள். 10 விநாடி கழிந்ததும் டைம்அவுட் பிழை வருகிறது. வேலை நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஃபங்ஷன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, காத்திருந்து அலுத்து, அடுப்பை அணைக்காமல் சமையலறையை விட்டு வெளியே வந்தது போன்ற நிலை இது. ஓடும் த்ரெட்டை வெளியிலிருந்து நிறுத்தப் பைத்தான் வழி தருவதில்லை.

லினக்ஸிலும் மேக்கிலும் சிக்னல் மாட்யூலின் அலாரம் உதவும். விண்டோஸில் அது இல்லை. எல்லாக் கணினியிலும் வேலை செய்யும் வழி, மல்டிபுராசஸிங் மாட்யூல் மூலம் ஃபங்ஷனைத் தனி புராசஸாக ஓட்டுவதுதான். அதன் படிகள் இவை:

1. புராசஸை உருவாக்கி, ஸ்டார்ட் கொடுங்கள்.
2. ஜாயின் ஃபங்ஷனுக்கு 10 என்று கொடுத்து, 10 விநாடி வரை காத்திருங்கள்.
3. இஸ்-அலைவ் மூலம் அது இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள்.
4. ஓடினால் டெர்மினேட் கொடுத்து, மீண்டும் ஒருமுறை ஜாயின் கொடுங்கள்.

இப்போதுதான் அடுப்பு அணைகிறது. விண்டோஸில் இந்தத் தொடக்க வரிகளை, நிரல் நேரடியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் ‘மெயின்’ இஃப் பகுதிக்குள் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பிழை வரும். தனி புராசஸ் நம் மாறிகளைப் பகிர்ந்துகொள்ளாது என்பதால், விடையைக் கியூ வழியாகத் திரும்பப் பெற வேண்டும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. டெர்மினேட் கொடுத்தால் அந்த புராசஸ் இருந்த இடத்திலேயே வெட்டப்படும். துப்புரவு வேலைக்காக நாம் எழுதிய ஃபைனலி பகுதிகூட ஓடாது. உதவித்தொகை பெறும் 200 மாணவர்களின் பட்டியலைக் கோப்பில் எழுதும்போது 120ஆம் பெயரில் அது வெட்டப்பட்டால் என்ன ஆகும்? திறந்து பார்ப்பவருக்கு அதுவும் ஒரு பட்டியலாகவே தெரியும். விடுபட்ட 80 பிள்ளைகளைத் தேட யாருக்கும் தோன்றாது. எனவே முதலில் அதே கோப்புறையில் தற்காலிகப் பெயரில் எழுதுங்கள். முழுவதும் எழுதிக் கோப்பை மூடிய பிறகே, ஓஎஸ் மாட்யூலின் ரீப்ளேஸ் மூலம் உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். நடுவில் வெட்டப்பட்டாலும் பழைய பட்டியல் பழுதில்லாமல் இருக்கும்.

இந்த வாரம் பிள்ளைகள் முடிவில்லாமல் சுற்றும் ஒரு ஃபங்ஷனை எழுதி, 5 விநாடியில் அதை நிறுத்திக் காட்டட்டும். பெற்றோர்களுக்குப் பைத்தான் தெரியாவிட்டாலும் ஒரு கேள்வி கேட்கலாம்: “நேரம் முடிந்ததும் வேலை நின்றதா, இல்லை நீ காத்திருப்பது மட்டும் நின்றதா?” இதற்குச் சரியாகப் பதில் சொல்லும் பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது.