கறை ஒரு வழக்கு, சூத்தை இன்னொன்று

கேள்வி: கந்தளாயில் வசிக்கிறோம். எட்டு வயது மகளின் முன்பற்களில் வெள்ளைக் கோடுகள், கடைவாய்ப் பல்லில் சூத்தை. குழாய்க்கிணற்றுப் புளோரைட்தான் காரணம், பற்பசையை நிறுத்துங்கள் என்கிறார்கள். சரியா?

பதில்: இரண்டு வழக்குகளை ஒன்றாக்கித் தீர்ப்பெழுதுகிறார்கள். வெள்ளைக் கோட்டுக்குத் தண்ணீரைச் சந்தேகிக்கலாம். உலர் வலயத்துப் பாறைகளிலிருந்து புளோரைட் நிலத்தடி நீரில் கரைகிறது. ஈறுக்குள் பல் உருவாகும் காலத்தில், ஏறத்தாழ எட்டு வயதுவரை, அது மிகுந்தால் எனாமலில் வெண்கோடும் பழுப்புக் கறையும் விழும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், இலங்கைத் தரம் 1. வெயிலூரில் பிள்ளைகள் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பதால் இறுக்கமான கணக்கே நமக்கு ஏற்றது. கொதிக்கவைத்தால் போகாது, வற்ற வற்றச் செறிவுதான் ஏறும்.

சூத்தை சீனியின் வேலை. இடைவேளைக்கு ஜாம் பணிஸ், வழியில் டொபி, பின்னேரம் சீனி போட்ட பிளேன்டீ: ஒவ்வொரு தடவையும் வாய்க் கிருமிகள் அமிலம் சுரந்து, அரைமணி நேரமாவது பல்லைக் கரைக்கின்றன. ‘நாங்களும் கரும்பு கடித்து வளர்ந்தவர்கள்தானே’ என்பார்கள், கந்தளாயில் கட்டாயம் சொல்வார்கள். கரும்பு எப்போதாவது, போத்தல் பானம் அன்றாடம். 2016 முதல் போத்தலில் நிறக்குறி உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. பார்த்து வாங்கலாம்.

பற்பசையை நிறுத்தாதீர்கள். பட்டாணியளவு போதும், விழுங்காமல் துப்பட்டும். கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுங்கள், பிள்ளையைப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் காட்டுங்கள்.