ஒட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம்: டிகூபாஜ் டிப்ஸ்

பழைய தகர டப்பா, மர டிரே, மண் தொட்டி எதுவானாலும் காகிதப் படம் ஒட்டி வார்னிஷ் பூசினால் புதுசாகிவிடும். இதுதான் டிகூபாஜ். அதற்காகக் காலையில் ஒட்டி, சாயங்காலம் வரும் விருந்தாளிக்குக் காட்டணும்னு கிளம்பாதே தங்கச்சி. அவசரப்பட்டால் எல்லாம் வீண்.

1. முதலில் பிசுக்கை எடு. சமையலறை டப்பாவில் எண்ணெய் துளி இருந்தாலும் பசை பிடிக்காது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய். துரு இருந்தால் சுரண்டிவிட்டு மெட்டல் பிரைமர் அடி. இல்லாவிட்டால் துரு காகிதத்தில் கறையாக ஊறி வரும்.

2. அடியில் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் பூசு. ஒட்டப்போகும் காகித நாப்கின் நனைந்தால் அடியில் இருக்கும் நிறம் அப்படியே தெரியும்.

3. பெரும்பாலும் தப்பு நடப்பது காகிதத்தில்தான். பூப்போட்ட டிஷ்யூ நாப்கினில் இரண்டு மூன்று அடுக்கு இருக்கும். படம் உள்ள மேல் அடுக்கை மட்டும் பிரித்தெடு. முழுசாக ஒட்டினால் பிறகு உரிந்து வரும். காலண்டர் தாள் தடிமன். தட்டையான மரத்துக்குச் சரி, உருண்டை பாட்டிலில் மடங்காது. வீட்டு இங்க்ஜெட் பிரின்ட் வேண்டவே வேண்டாம், பசை பட்டதும் மை கலங்கும். கடையில் லேசர் பிரின்ட் போட்டு வாங்கு.

4. ஃபெவிகால் இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு போதும். தனியாகப் பசை வாங்கிக் காசைக் கரைக்காதே. நடுவில் வைத்து ஓரத்தை நோக்கி நீவு. நாப்கினைப் பிரஷ்ஷால் தேய்த்தால் கிழியும். மேலே ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டு விரலால் அழுத்து. சுருக்கம் விழுந்தால் ஈரத்தோடு இழுக்காதே! காய்ந்தபிறகு உப்புத்தாளால் தேய்த்தால் அடங்கிவிடும்.

5. பசை முழுக்கக் காய்ந்தபிறகுதான் வார்னிஷ். ஈரம் உள்ளே மாட்டினால் வெள்ளையாகப் புகை படிந்து நிற்கும். மழை நாளில் ஒரு நாள் கூடுதலாகவே விட்டுவை. தண்ணீரில் கரையும் வார்னிஷை மெல்லிசாக மூன்று கோட் அடி. எண்ணெய் வார்னிஷ் நாளாக ஆக மஞ்சளடிக்கும்.

கூடவே கூடாதது:
- சாப்பாடு படும் இடம், டம்ளரின் வாய் விளிம்பு.
- செடி நேரடியாக நட்ட மண் தொட்டி. ஈரம் உள்ளிருந்து கசிந்து காகிதத்தைத் தூக்கிவிடும். செடியைப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து உள்ளே இறக்கு.
- தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவது. ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

முதல் தடவையே பெரிய டிரேயில் கை வைக்காதே. ஒரு பேனா ஸ்டாண்டில் ஆரம்பி.