மஞ்சள் பூ பூத்ததெல்லாம் கரிசலாங்கண்ணியா?

'காமாலைக்குக் கரிசலாங்கண்ணி' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதிலும் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்குத் தனி மவுசு! கீரைக்காரம்மாவிடம் இது தினமும் கிடைக்காது. ஆனால் அடுக்குமாடி வாசலிலும், பூங்காவிலும், சாலை நடுவே உள்ள திட்டிலும் பச்சைப் பாய் விரித்தாற்போல் ஒரு செடி படர்ந்து, மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கிறதே... 'அட, இதுதானே அது!' என்று நாலு கொத்து கிள்ளி வந்து சமைத்துவிடுகிறவர்கள் உண்டு.

கொஞ்சம் பொறுங்க! அது பெரும்பாலும் கரிசலாங்கண்ணியே அல்ல.

அக்கா வேறு, தங்கை வேறு

நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் தாவரப் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. பழைய புத்தகங்களில் வெடீலியா என்று இருக்கும். சித்த மருத்துவத்தில் பொற்றலைக் கையாந்தகரை என்பதும் இதுதான். ஈரமான வரப்பு, வாய்க்கால் ஓரங்களில் வளரும்.

அலங்காரச் செடியின் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. ஒரே குடும்பம் மட்டுமல்ல, ஒரே பேரினம்! மத்திய, தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து தோட்ட அழகுக்காக வந்தது. ஒரு கணு மண்ணில் பட்டாலே வேர்விட்டு, மற்ற செடிகளை அமுக்கிவிடும். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பூவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டுமே குட்டிச் சூரியகாந்திதான். அலங்காரச் செடியின் பூ சற்றுப் பெரிது, அவ்வளவுதான் வித்தியாசம். இலையைப் பாருங்கள்.

1. வடிவம்: கரிசலாங்கண்ணி இலை நீண்டு, ஒடுங்கி இருக்கும். பக்கவாட்டில் பிரிவு இருக்காது. அலங்காரச் செடியின் இலை அகலமானது. நுனிப் பக்கம் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு மடல் பிதுங்கி, மூன்று மடலாகத் தெரியும். 'டிரைலோபேட்டா' என்ற சொல்லுக்கே 'மூன்று மடல்' என்றுதான் அர்த்தம்!

2. ஓரம்: கரிசலாங்கண்ணியில் ஓரம் ஏறக்குறைய நேராகவோ, லேசான பற்களோடோ இருக்கும். மற்றதில் பற்கள் நன்றாகத் தெரியும்.

3. தொடு உணர்ச்சி: கரிசலாங்கண்ணி இலை மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். அலங்காரச் செடியின் இலை தடித்து, எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும்.

ஒரே ஒரு இலையைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். அலங்காரச் செடியிலும் இளசான சில இலைகளில் மடல் தெளிவாக இராது. ஒரு முழம் கொடியை எடுத்து நாலைந்து ஜோடி இலைகளைப் பாருங்கள். எங்காவது மூன்று மடல் தெரிந்தால்... அதை விட்டுவிடுங்கள்!

குழந்தைகள் தலையைச் சுண்டி விளையாடும் 'தாத்தாப் பூ'வும் சிலரை ஏமாற்றும். அதன் நடு மஞ்சள். சுற்றியுள்ள இதழ்கள் வெளுத்து, கொஞ்சமாக இருக்கும். காம்பு மிக நீளம். வெள்ளைக் கரிசலாங்கண்ணியில் இந்தக் குழப்பமே இல்லை. பொடிப்பொடியான வெள்ளைப் பூ, கசக்கினால் கறுக்கும் சாறு.

மாறிப் போனால் என்ன?

'எல்லாம் பச்சிலைதானே' என்று நினைக்காதீர்கள். 1956-ல் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் டி.ஆர். கோவிந்தாச்சாரியின் குழுவினர், மஞ்சள் கரிசலாங்கண்ணியிலிருந்து பிரித்த ஒரு பொருளின் அமைப்பை வெளியிட்டார்கள். வெடீலியா என்ற பெயரை ஒட்டி அது 'வெடிலோலாக்டோன்' ஆனது. கல்லீரல் தொடர்பாக நிறைய ஆராயப்பட்ட பொருள் இது. வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் இருக்கிறது. அலங்காரச் செடியில் அதிகம் ஆராயப்பட்டவையோ, காரீனாயிக் அமிலம் போன்ற வேறு பொருட்கள். அக்காவின் நல்ல பெயரைத் தங்கைக்குக் கொடுக்க முடியாது! நம் வீடுகளில் வழிவழியாகக் கீரையாகச் சமைத்துப் பழகிய செடியும் அது அல்ல. கர்ப்பிணிகள், குழந்தைகள், ஏற்கெனவே கல்லீரல் பாதித்தவர்களுக்கு இந்த விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம்.

இதையும் மறக்காதீங்க

சரியான கீரையே கிடைத்தாலும், கண் மஞ்சளானால் முதலில் போக வேண்டியது டாக்டரிடம்தான். காமாலை என்பது ஒரே நோய் அல்ல, ஓர் அறிகுறி. அசுத்தத் தண்ணீரால் வரும் வைரஸாக இருக்கலாம். ரத்தத்தின் மூலம் பரவும் ஹெபடைட்டிஸ் பி ஆக இருக்கலாம். பித்தக்குழாயில் கல் அடைத்திருக்கலாம். கல்லைக் கீரை கரைக்காது! காமாலையோடு உளறல், தூக்கக் கலக்கம், ரத்த வாந்தி இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. பச்சிளம் குழந்தையின் காமாலைக்குக் கைவைத்தியம் கூடவே கூடாது.

செடியில் சந்தேகமா? பூவும் இலையுமாக ஒரு கொடியை எடுத்துப்போய் அரசு சித்த மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். சரியான செடியென்றால் கணுவோடு ஒரு துண்டை வெட்டித் தொட்டியில் ஊன்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுலபமாகத் துளிர்க்கும். அப்புறம் சாலையோரம் தேடிப் போகவே வேண்டாம். உங்கள் வீட்டு மாடியிலேயே, சந்தேகமில்லாத, தூசு படாத கீரை!